அப்டேட் பாதியில நின்னுடுச்சா? லேப்டாப்பை எடைக்குப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பனமரத்துப்பட்டியில எங்க சித்தப்பா வீட்டு பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில ஒரு லேப்டாப் தூங்கிட்டு இருந்துச்சு. மூத்தவன் ப்ளஸ் டூ படிச்சப்போ அரசு கொடுத்தது. அவன் படிச்சு முடிச்சு வேலைக்கும் போயிட்டான். இப்போ தங்கச்சி காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கா. போன்ல ரீல்ஸ் பார்க்கலாம், பரீட்சை ஃபீஸ் கட்டலாம். ஆனா நூறு வரி புரோகிராமை போன்ல டைப் பண்ணிப் பாருங்க, கட்டைவிரல் கண்ணீர் விடும். அதனால அரளிப்பூ வருமானத்தை நம்பி, 35,000 ரூபாய்க்கு இஎம்ஐ-ல புதுசு எடுக்கறதுனு சித்தப்பா முடிவு பண்ணிட்டாரு. பழசை எடைக்குப் போட்டுடலாம்னு சித்தி.

அந்தச் சமயத்துலதான் தங்கச்சி எனக்கு போன் பண்ணினா. "அண்ணா, அது ஆன் ஆகுது. லினக்ஸும் ஓப்பன் ஆகுது. அப்டேட் கொடுத்தாதான் இங்கிலீஷ்ல என்னென்னமோ திட்டுது."

ஆன் ஆகுதா? அப்போ அது சாகலை. திட்டறதும் நல்லதுதான். என்ன கோளாறுன்னு அந்தத் திட்டுலயேதான் எழுதியிருக்கும்.

இது சித்தப்பா வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2011 செப்டம்பர் 15-ல தமிழ்நாடு அரசோட விலையில்லா லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம், லட்சக்கணக்கான மாணவர்கள் கைக்கு லேப்டாப் போச்சு. எல்காட் மூலமா வாங்கின அந்த மெஷின்கள்ல விண்டோஸோட, 'பாஸ்' லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தாங்க. பாஸ் நம்ம ஊர் சரக்குதான். சென்னையில இருக்கற சி-டாக், டெபியன் லினக்ஸை அடிப்படையா வெச்சு உருவாக்கி 2007-ல வெளியிட்டது. நிறைய பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலைங்கறது வேற விஷயம். இப்போ விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட இலவச ஆதரவு முடிஞ்சதால, பழைய மெஷின் வெச்சிருக்கற பலரும் லினக்ஸ் பக்கம் திரும்பறாங்க. முதல் வாரம் சூப்பரா போகும். அப்புறம் ஒரு நாள் அப்டேட் மாட்டிக்கும்.

மாட்டிக்கிட்டா என்ன பண்றதுனு பார்ப்போம். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், பாஸ் எல்லாம் ஒரே குடும்பம்தான். நாலுலயும் 'ஆப்ட்'ங்கற கருவிதான் அப்டேட் வேலையைப் பார்க்குது. அதனால நான் சொல்றது நாலுக்குமே பொருந்தும்.

முதல்ல ரெண்டு வார்த்தை!

டெர்மினல்னு ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கும். அதுல 'சூடோ ஆப்ட் அப்டேட்'னு டைப் பண்ணினா, புதுசா என்னென்ன வந்திருக்குனு பட்டியல் மட்டும் வரும். 'சூடோ ஆப்ட் அப்கிரேடு'னு போட்டாதான் சரக்கே இறங்கும். சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போன் போட்டு இன்னிக்கு என்ன ரேட்டுனு கேட்கறது அப்டேட். வண்டியை எடுத்துட்டுப் போய் மூட்டையை ஏத்திட்டு வர்றது அப்கிரேடு. எந்தக் கட்டத்துல நின்னுச்சுனு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல ஒரு இடைவெளி. பாஸ்வேர்டு அடிக்கும்போது ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியாது, புள்ளிகூட வராது. கீபோர்டு போச்சுனு பயந்துடாதீங்க. அடிச்சுட்டு என்டர் தட்டுங்க, அவ்வளவுதான்.

எர்ரர் வந்தா மேல இருந்து படிக்காதீங்க. கடைசி நாலைஞ்சு வரியைப் பாருங்க. வரி ஆரம்பத்துல 'டபிள்யூ'னு எழுத்து இருந்தா அது வெறும் எச்சரிக்கை, 'ஈ'னு இருந்தா அதுதான் நிஜமான கோளாறு. முக்கியமா, போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அந்த ஜன்னலை மூடினதும் வரி போயிடும், அப்புறம் "என்னமோ ஃபெயில்டுனு வந்துச்சுண்ணா"னு சொன்னா எந்த அண்ணனாலயும் உதவ முடியாது.

கடிகாரம் பார்த்தீங்களா?

தங்கச்சி அனுப்பின போட்டோவுல இருந்த வரிக்கு அர்த்தம் இதுதான்: 'இந்த ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடி ஆகலை.' 'ஆகலை'ங்கறதை கவனிங்க. காலாவதி ஆயிடுச்சுனு சொல்லலை, இன்னும் காலமே வரலைங்குது. "கண்ணு, வலது மூலையில தேதி என்ன காட்டுது?"னு கேட்டேன். 2018!

லேப்டாப்புக்குள்ள சின்ன வட்டமா ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதப்பவும் கடிகாரத்தை ஓட்டறது அதுதான். பீரோவுல வருஷக்கணக்கா கிடந்ததுல அது செத்துப் போச்சு. அதனால மெஷின் தன்னை 2018-லயே இருக்கறதா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கு. சர்வர்ல இருந்து வர்ற பட்டியல்ல இந்த வருஷத் தேதி. 'எதிர்காலத்துல இருந்து வர்ற ஃபைலை நான் நம்ப மாட்டேன்'னு ஆப்ட் மறுத்துடுச்சு. அது பண்ணினது சரிதான். பிரவுசர்ல பாதி சைட் 'பாதுகாப்பு இல்லை'னு வந்து நிக்கறதுக்கும் பல சமயம் இதேதான் காரணம். ஒவ்வொரு சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு.

சாதாரணமா நெட் கிடைச்ச உடனே லினக்ஸ் தானாவே நேரத்தைச் சரிபண்ணிக்கும். இங்கே மூத்தவர் ஏதோ கேம்ல உயிர் சீக்கிரம் ஏறணும்னு தேதியை முன்னே பின்னே மாத்தி விளையாடறதுக்காக, தானியங்கி நேரத்தை அணைச்சு வெச்சிருக்காரு. செட்டிங்ஸ்ல தேதி-நேரம் பகுதிக்குப் போய் அதை ஆன் பண்ணினோம். நேரம் சரியாச்சு, பட்டியலும் இறங்குச்சு. மொத்தம் ரெண்டு நிமிஷம். இதுக்குத்தான் 35,000 ரூபாய்.

கரண்ட் போச்சு!

சந்தோஷத்துல அப்கிரேடு கொடுத்தா. பாதியில கரண்ட் கட். பேட்டரி தாங்காத பழைய லேப்டாப்னா, பேருக்குத்தான் லேப்டாப். நிஜத்துல அது டெஸ்க்டாப்தான். பிளக்கைப் பிடுங்கினா பொசுக்குனு போயிடும்.

கரண்ட் வந்ததும் மறுபடி கொடுத்தா, 'டிபிகேஜி வேலை பாதியில தடைபட்டிருக்கு, நீங்களே இந்தக் கட்டளையை ஓட்டுங்க'னு வந்துச்சு. லினக்ஸோட நல்ல குணம் இது. என்ன செய்யணும்னு அதே வரியில ஒற்றை மேற்கோளுக்குள்ள எழுதியே கொடுக்குது: 'சூடோ டிபிகேஜி', அப்புறம் ரெண்டு கோடு சேர்த்து 'கான்ஃபிகர்', இடைவெளி, ஒரு கோடு போட்டு 'ஏ'. நான் சொல்றதைக் கேட்டு டைப் பண்றதைவிட ஸ்கிரீன்ல இருக்கறதை அப்படியே காப்பி பண்றது நல்லது. டெர்மினல்ல காப்பி பண்ண கன்ட்ரோலோட ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தணும்.

பாதியில நின்ன பொட்டலங்களையெல்லாம் இந்தக் கட்டளை தேடிப்பிடிச்சு முடிச்சு வைக்கும். அதுக்கப்புறமும் 'சில பொட்டலம் உடைஞ்சிருக்கு'னு முனகினா, 'சூடோ ஆப்ட்', ரெண்டு கோட்டோட 'ஃபிக்ஸ்-புரோக்கன்', அப்புறம் 'இன்ஸ்டால்'. பத்துக்கு எட்டு தடவை இந்த ரெண்டே போதும்ங்கறது என் அனுபவம். தங்கச்சிக்கு முதல் கட்டளையிலயே வேலை முடிஞ்சுது.

இதுக்கு மாறா ஒரு தப்பை நிறைய பேர் பண்றாங்க. 'லாக் கிடைக்கலை'னு ஒரு எர்ரர் வரும். உடனே யூடியூப்ல தேடி, யாரோ சொன்னாங்கனு அந்த லாக் ஃபைலை டெலீட் பண்ணிடறாங்க. வேண்டாம். பின்னாடி இன்னொரு அப்டேட் தானாவே ஓடிட்டு இருக்குங்கறதுதான் அதுக்கு அர்த்தம். குளியலறையில ஆள் இருக்கும்போது கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கும் இல்லையா? தாழ்ப்பாளை உடைக்கவா செய்வீங்க? பத்து பதினைஞ்சு நிமிஷம் விடுங்க, டீ குடிச்சுட்டு வாங்க. அப்பவும் விடலைன்னா ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

ஹாட்ஸ்பாட் படுத்தும் பாடு

நம்மள்ல பல பேருக்கு வீட்டுல பிராட்பேண்ட் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான் எல்லாம். டவர் ஒரு கோடு ரெண்டு கோடுனு ஆடும்போது ஃபைல் அரைகுறையா இறங்கும். வந்த ஃபைலோட கைரேகையும் சர்வர் சொன்ன கைரேகையும் ஒத்துப்போகலைன்னா 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்'னு வரும். பெரும்பாலும் சிக்னல் நல்லா இருக்கற நேரமாப் பார்த்து மறுபடி அப்டேட் கொடுத்தாலே சரியாயிடும். வைஃபை ஹாட்ஸ்பாட்டுக்குப் பதிலா போனை யூஎஸ்பி கேபிள்ல சொருகி 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் பண்ணுங்க, இன்னும் நிதானமா வரும். அப்டேட்டுக்குப் பிறகு வைஃபையே காணாமப் போச்சுன்னாலும் இதே கேபிள்தான் காப்பாத்தும். தனி டிரைவர் எதுவும் தேவையில்லாம லினக்ஸ் அதை அடையாளம் கண்டுக்கும்.

காலேஜ், ஹாஸ்டல் வைஃபைல இன்னொரு கூத்து. ஐடி, பாஸ்வேர்டு போட்டு உள்ளே போற பக்கம் வரும் இல்லையா? அங்கே லாகின் பண்ணாம அப்டேட் கொடுத்தா, ஆப்ட் கேட்ட ஃபைலுக்குப் பதிலா அந்த லாகின் பக்கம் வந்து நிக்கும். ஆப்ட் குழம்பிப்போய், 'இந்த நெட்வொர்க்குக்கு அனுமதி வாங்கணுமோ?'னு எர்ரர்லயே கேட்கும். பிரவுசரைத் திறந்து லாகின் பண்ணிட்டு வந்தா முடிஞ்சுது.

இடம் பத்தலைன்னு வந்தா 'சூடோ ஆப்ட் கிளீன்' போடுங்க. இறக்கி வெச்சு வேலை முடிஞ்ச பொட்டலங்களை அது கழிச்சுக்கட்டும். 'பூட்'னு தனியா ஒரு சின்னப் பகுதி இருக்கற மெஷின்ல, பழைய கெர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அது நிரம்பிடும். அதுக்கு 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்'. ஆனா எஸ் சொல்றதுக்கு முன்னாடி, எதையெல்லாம் எடுக்கப் போகுதுன்னு அது காட்டற பட்டியலைப் படிங்க. 2021 நவம்பர்ல வந்த 'லைனஸ் டெக் டிப்ஸ்' வீடியோவைத் தேடிப் பாருங்க. ஸ்டீம் இன்ஸ்டால் பண்ணப் போனவர், 'முக்கியமானதையெல்லாம் நீக்கப் போறேன்'ங்கற எச்சரிக்கையைத் தாண்டி, 'ஆமாம், நான் சொன்னபடியே செய்'னு முழு வாக்கியத்தையும் டைப் பண்ணி அனுமதி கொடுத்தாரு. டெஸ்க்டாப்பே காணாமப் போச்சு! தினமும் கம்ப்யூட்டரோட புழங்கற ஒருத்தருக்கே இந்த நிலைமை.

சாவி பத்தின எர்ரர் வந்தா, அது பெரும்பாலும் நாம வெளியில இருந்து சேர்த்த ஏதோ ஒரு ஆப்போட முகவரியா இருக்கும். அந்த ஆப்போட அதிகாரப்பூர்வ சைட்ல புதுச் சாவி எப்படிச் சேர்க்கறதுனு போட்டிருப்பாங்க. இல்லைன்னா 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்'ல போய் அந்த முகவரிக்கு நேரா இருக்கற டிக்கை எடுத்துடுங்க. மீதி எல்லாம் வழக்கம்போல ஓடும்.

வறண்ட ஏரி

இப்பதான் முக்கியமான கட்டம். தங்கச்சி மெஷின்ல எல்லாம் சரியாச்சு. கடைசியா 'எல்லாம் புதுசா இருக்கு, அப்டேட் எதுவும் இல்லை'னு வந்துச்சு. அவளுக்கு ஒரே குஷி. எனக்குத்தான் உதைச்சுது. இத்தனை வருஷம் பீரோவுல கிடந்த மெஷினுக்குச் சொற்பமா நாலு ஃபைல் வந்து, அதோட முடிஞ்சுதுங்கறது எப்படி?

பனமரத்துப்பட்டி ஏரியைப் பார்த்தவங்களுக்கு இதைச் சுலபமா சொல்லிடலாம். 1911-ல சேலம் நகரத்தோட குடிதண்ணிக்காகவே கட்டின ஏரி அது. இப்போ சேலம் குடிக்கறது மேட்டூர்க் காவிரித் தண்ணி. ஏரியோ பல வருஷம் வறண்டு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்துச்சு. குழாயை இன்னும் அந்த ஏரிக்கே போட்டு வெச்சுக்கிட்டு, வீட்டுல குழாயைத் திறந்தா என்ன வரும்? அடைப்பு எதுவும் இருக்காது, குழாயும் உடைஞ்சிருக்காது. ஆனா தண்ணி வராது.

ஒவ்வொரு லினக்ஸ் பதிப்புக்கும் ஆயுசு உண்டு. உபுண்டுல ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற 'எல்டிஎஸ்' பதிப்புக்கு 5 வருஷம் இலவச அப்டேட். 18.04-க்கு 2023 மே மாசமும், 20.04-க்கு 2025 மே மாசமும் அது முடிஞ்சுது. நடுவுல வர்ற மத்த பதிப்புகளுக்கு வெறும் 9 மாசம்தான். ஆயுசு முடிஞ்ச பதிப்பு ரெண்டு விதமா நடந்துக்கும். ஒண்ணு, சர்வர்ல இருந்து ஃபைலையே எடுத்து பழைய காப்பகத்துக்கு மாத்திடுவாங்க, உங்களுக்கு '404', 'ரிலீஸ் ஃபைல் இல்லை'னு எர்ரர் வரும். உபுண்டுவோட 9 மாசப் பதிப்புகளும், டெபியனோட பழைய பதிப்புகளும் இப்படித்தான். இன்னொண்ணு, முகவரி இருக்கும், எர்ரர் வராது, ஆனா புதுசாவும் ஒண்ணும் வராது. உபுண்டு எல்டிஎஸ் பதிப்புகள் இந்த ரகம். என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் மோசம். திட்டற எர்ரரை நம்பலாம், சிரிச்சுக்கிட்டே சும்மா இருக்கறதை நம்ப முடியாது.

உங்க பதிப்பு எதுன்னு செட்டிங்ஸ்ல 'அபௌட்' பக்கத்துல பாருங்க. ஆயுசு முடிஞ்சிருந்தா மூணு வழி. உபுண்டு எல்டிஎஸ்னா, 'உபுண்டு ப்ரோ'வுல கணக்கு ஆரம்பிச்சு, சொந்த உபயோகத்துக்கு 5 மெஷின் வரைக்கும் காசில்லாம கூடுதல் வருஷங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம். இல்லைன்னா அடுத்த எல்டிஎஸ்ஸுக்குப் படிப்படியா ஏறலாம். 18.04-ல இருந்து 20.04, அங்கிருந்து 22.04. நடுப்படியைத் தாண்ட முடியாது. மூணாவது, முக்கியமான ஃபைல்களை பென்டிரைவ்ல எடுத்து வெச்சுட்டு புதுசாவே இன்ஸ்டால் பண்றது. நாலு கிலோமீட்டர் படி ஏறறதுக்கு இது எவ்வளவோ மேல்னு நாங்க மூணாவதையே எடுத்தோம். 4 ஜிபி ரேம்ங்கறதால லினக்ஸ் மின்ட்ல எடை குறைஞ்ச 'எக்ஸ்எஃப்சிஇ' ரகம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் ஆதரவு இருக்கு, அவ டிகிரியே முடிஞ்சுடும். இறக்கற ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி. ஒரு நாள் டேட்டா பேக்ல அடங்காது, நாங்க ரெண்டு ராத்திரியாப் பிரிச்சு இறக்கினோம்.

ஒரு எச்சரிக்கை: ஃபைல்களை எடுத்து வைக்காம இன்ஸ்டால் பட்டனைத் தொடாதீங்க. மூத்தவனோட ஸ்கூல் டூர் போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு. எடுத்து வைக்காம விட்டிருந்தா எனக்கு அந்த வீட்டுல சாப்பாடு கிடைச்சிருக்காது.

கறுப்பு ஸ்கிரீன் வந்தா?

அப்டேட் நல்லபடியா முடிஞ்சு, ரீஸ்டார்ட் பண்ணினா ஸ்கிரீன் கறுப்பா நிக்குதா? புதுக் கெர்னலுக்கும் உங்க மெஷினுக்கும் ஒத்துப்போகலைனு அர்த்தமா இருக்கலாம். லினக்ஸ் பழைய கெர்னலை உடனே தூக்கிப் போடாது. ஆன் பண்ணும்போதே ஷிஃப்ட் இல்லைன்னா எஸ்கேப் கீயைத் தட்டினா ஒரு மெனு வரும். அதுல 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், ரெண்டாவதா இருக்கற பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. நேத்து எப்படி ஓடுச்சோ அப்படியே ஓடும். மின்ட்ல 'டைம்ஷிஃப்ட்'னு ஒண்ணு இருக்கு. பெரிய அப்டேட்டுக்கு முன்னாடி அதுல ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சா, சொதப்பினாலும் சிஸ்டத்தை அந்த நாளுக்கே திருப்பிக் கொண்டு வரலாம். உங்க போட்டோ, நோட்ஸை எல்லாம் அது காப்பாத்தாது. அதுக்குத் தனி பேக்கப்தான்.

இதுக்கும் மேல மாட்டிக்கிட்டா, தமிழ்லயே கேட்க ஆள் இருக்காங்க. 'கணியம்' இணைய இதழ்ல லினக்ஸ் பத்தி எளிய தமிழ்ல ஏகப்பட்ட கட்டுரைகள் கிடைக்குது. விழுப்புரத்துல ஒரு குனு-லினக்ஸ் பயனர் குழு, சென்னையில ஒரு லினக்ஸ் பயனர் குழுனு இயங்குது. கேட்கும்போது "அப்டேட் ஆகலை"னு மட்டும் கேட்காதீங்க. எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, என்ன கட்டளை கொடுத்தீங்க, கடைசி வரி என்ன வந்துச்சுனு நாலையும் போடுங்க.

சித்தப்பா இஎம்ஐ எடுக்கலை. அந்தக் காசுல ஒரு பங்கு தோட்டத்து மோட்டாருக்குப் போச்சு. தங்கச்சி இப்போ அந்த லேப்டாப்லதான் புரோகிராம் எழுதறா. அந்த வட்டப் பேட்டரியை மட்டும் இன்னும் மாத்தலை. பிளக்கைப் பிடுங்கி ரெண்டு நாள் வெச்சா கடிகாரம் பின்தங்கிடுது, ஹாட்ஸ்பாட் போட்டதும் தானா ஓடி வந்து சேர்ந்துக்குது. சேலத்துல இருந்து பேட்டரி வாங்கியாச்சு. லேப்டாப் அடியில இருக்கற ஸ்க்ரூ ஒண்ணு தலை தேய்ஞ்சு திரும்ப மாட்டேங்குது. அதுக்கு எந்தக் கட்டளையும் எனக்குத் தெரியலை.